மன்னார்க் கடலுக்கு விலை குறித்தவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில், காற்று ஓய்ந்து கடல் அமைதியாகக் கிடக்கும் நாள்களில், மன்னாருக்குத் தெற்கே அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் அப்பால் அரசாங்கத்தின் பரிசோதனைப் படகு வந்து நங்கூரம் போடும். முத்துப் பார்கள் எனப்படும் சிப்பிப் படுகைகளின் பரிசோதகர் வரைபடத்தைப் பார்த்து இடம் சொல்லச் சொல்ல, சுழியோடிகள் கல்லைப் பற்றிக்கொண்டு அடிக்கு இறங்குவார்கள். மேலே வந்த சிப்பிகளை எண்ணுவார்கள். ஓட்டின் அளவைப் பார்த்து வயதைக் கணிப்பார்கள். சில ஆயிரம் சிப்பிகளைக் கரைக்குக் கொண்டுபோய் அழுகவிட்டுக் கழுவி, அகப்பட்ட முத்துகளை வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபா என்று ஒரு தொகை வரும். அந்தத் தொகை அரசாங்க அறிவித்தலாக அச்சேறிக் கொழும்பு, யாழ்ப்பாணம், கீழக்கரை, தூத்துக்குடி என்று பரவி, பாரசீகக் குடாவரைக்கும் போய்ச் சேரும். அதை நம்பித்தான் பல்லாயிரம் பேர் மாசி, பங்குனியில் ஆளில்லாத அந்தக் கரைக்கு வந்து குவிந்தார்கள்.

இன்று முதன்முதலாக ஒரு பழைய வீட்டை வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர் செய்வதும் இதே வேலைதான். முற்பணம் கொடுக்குமுன் தெரிந்த மேசன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகிறார். கூரைக்கு எவ்வளவு, கிணற்றுக்கு எவ்வளவு, மாதம் என்ன வாடகை வரும் என்று ஒரு தாளில் எழுதுகிறார். அந்தத் தாளில் வரவுப் பக்கம் எப்போதும் தெளிவாக இருக்கும். திருத்தச் செலவும், வீடு வெறுமையாகக் கிடக்கப்போகும் மாதங்களும் மங்கலாகவே இருக்கும். மன்னார்க் கரையின் முந்நூறு ஆண்டுக் கணக்கேடுகளிலும் இந்தக் குறை திரும்பத் திரும்பத் தெரிகிறது. முத்தை எடைபோடுவதில் இந்தக் கரையை வெல்ல உலகில் ஆளில்லை. முத்துப் பாரை உயிரோடு வைத்திருக்க என்ன செலவாகும் என்று கேட்கத்தான் ஆளில்லாமல் போனது.

சல்லடையும் செவ்வும்

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராச சோழன் காலத்தில் அளிக்கப்பட்ட நகைகளைக் கல்வெட்டுகள் பட்டியலிடுகின்றன. முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், அம்புமுது, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து என்று அவை வகை பிரிக்கின்றன. குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று ஒளியின் சாயலைக்கூட விடவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே முத்தைப் பார்த்து மதிப்புச் சொல்லும் கலை அவ்வளவு நுணுக்கமாக வளர்ந்திருந்தது. பாண்டிக் கரையும் மன்னார்க் கரையும் ஒரே வளைகுடாவின் இரு பக்கங்கள். சுழியோடிகளும் வியாபாரிகளும் இரண்டுக்கும் போய்வந்தவர்கள். ஆகவே இந்தக் கலை இரண்டு கரைக்கும் பொதுச்சொத்து.

பிரித்தானியர் காலத்தில் முத்துப் பார்களின் பரிசோதகராக இருந்த ஜேம்ஸ் ஸ்ரூவர்ட் 1843இல் வெளியிட்ட நூலில் அந்த முறையை விளக்கியிருக்கிறார். மதிப்பீட்டாளரிடம் கிண்ணம் போன்ற பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருக்கும். முதல் சல்லடையில் 20 துளை. அடுத்தடுத்து 30, 50, 80 என்று பெருகிப் பத்தாவதில் 1000 துளை. துளையின் எண்ணிக்கை கூடக்கூட அதன் அகலம் குறையும். எந்தச் சல்லடையில் தங்குகிறதோ அதுவே முத்தின் அளவு. பிறகு உருட்சியையும் ஒளியையும் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். உருண்டு திரண்டு ஒளி குறையாத ஆணிமுத்து உச்சியில் நிற்கும். மருந்துக்கும் சுண்ணத்துக்கும் போகும் தூள் அடியில் கிடக்கும்.

அளவும் தரமும் ஆனபின் எடை. மஞ்சாடிக் கணக்கில் நிறுத்து, செவ்வு என்ற மதிப்பு அலகுக்கு மாற்றுவார்கள். எடையை அதே எடையால் பெருக்கி, அதில் முக்காலை எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது செவ்வு. தனியொரு முத்து 4 மஞ்சாடி இருந்தால் அது 12 செவ்வு. ஒவ்வொன்றும் ஒரு மஞ்சாடியுள்ள நான்கு முத்துகளைச் சேர்த்து நிறுத்தாலும் அதே 4 மஞ்சாடிதான். ஆனால் அவை எல்லாம் சேர்ந்து 3 செவ்வுதான். பெரிய முத்து அரிதென்பதால் எடை ஒன்றாயிருந்தும் மதிப்பு நான்கு மடங்கு ஏறிவிடுகிறது. அரிதானதற்கு விலை எப்படி ஏறும் என்பதை ஒரே வாய்பாட்டில் அடக்கிய கணக்கு இது. இதைப் போட்டவர்கள் இந்த வளைகுடாவின் மரைக்காயர்களும் செட்டிமாரும்.

கரையில் கிடந்த முத்துக்கு இப்படி அணுவளவும் பிசகாத கணக்கு இருந்தது. கடலடியில் கிடந்த சிப்பிக்கு அப்படி இல்லை. ஒரு சுழியோடி ஒரு தடவை இறங்கி அள்ளிவந்த சிப்பிகளை எண்ணி, பாரின் பரப்பால் பெருக்கித்தான் தொகை சொல்ல வேண்டும். பரிசோதனைக்கும் முத்துக்குளிப்புக்கும் இடையில் மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் ஒரு புயல் மணலைப் புரட்டிப் போடலாம். திருக்கைக் கூட்டம் பாரையே மேய்ந்துவிடலாம். சிப்பிக்கு வயதும் ஒரு சிக்கல். நான்கு, ஐந்து ஆண்டில் அது முற்றும். ஆறு, ஏழில் செத்துப்போகும். ஓராண்டு முந்தினால் முத்து சிறுக்கும். ஓராண்டு பிந்தினால் வெற்று ஓடுதான் மிஞ்சும்.

குத்தகைக்காரரும் ஆளுநரின் மாளிகையும்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த வளைகுடாவைக் கடந்த மார்க்கோ போலோ, குளித்தெடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், சுறாவை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் போனதாக எழுதினார். கடல்கட்டி என்று அழைக்கப்பட்ட அந்த மந்திரக்காரர்களுக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்த காலமும் பின்னர் வந்தது. கடல்கட்டி கரையில் நிற்கிறார் என்றால்தான் சுழியோடி இறங்குவான்; அவன் இறங்கினால்தான் வருமானம். ஆபத்துக்கும் அச்சத்துக்கும் ஒரு செலவுத் தொகை ஒதுக்க அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைப் பிடித்தார்கள். ஒல்லாந்தர் 1658இல் அதை அவர்களிடமிருந்து பறித்தார்கள். இருவருக்கும் மன்னார்த் தீவு முத்துக் கடலின் திறவுகோல். ஆனால் ஒல்லாந்தர் ஆட்சியின் கடைசிக் காலம் முழுவதும், 1768க்குப் பிறகு, இலங்கைப் பக்கத்தில் சலாபம் என்ற முத்துக்குளிப்பு ஒன்றுகூட நடக்கவில்லை. பிரித்தானியர் வந்தபோது பார்கள் ஏறக்குறைய முப்பது ஆண்டு ஓய்வெடுத்து நிரம்பிக் கிடந்தன. 1796, 1797, 1798 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து அவர்கள் அள்ளினார்கள். வந்த வருமானம் இலண்டனையே திரும்பிப் பார்க்க வைத்தது. முப்பது ஆண்டின் சேமிப்பை ஓராண்டு விளைச்சலாக எடுத்துக்கொண்ட கணக்கு அது.

அந்த மயக்கத்தின் உச்சம் 1804. பார்களைக் குத்தகைக்கு எடுத்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒரு தமிழ் வியாபாரி. 150 படகு, 30 நாள் குளிப்பு. அதற்கு அவர் ஒப்புக்கொண்ட தொகை 3 இலட்சம் போர்டோ நோவோ வராகன். அன்றைய மதிப்பில் 1,20,000 ஸ்ரேர்லிங் பவுண். அந்தச் சலாபத்தை விவரித்த பாதிரியார் ஜேம்ஸ் கோர்டினர், குத்தகைக்காரர் சில படகுகளின் உரிமையை ஒவ்வொன்றும் 2500, 3000 வராகனுக்குப் பிறருக்கு விற்றுவிட்டு, பெரும்பங்கைத் தன் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டதாகச் சொல்கிறார். கண்ணால் காணாத ஒரு சொத்துக்கு, முப்பது நாள் பலனுக்கு, ஒரு தனிமனிதர் இவ்வளவு பெரிய கடமையைத் தோளில் ஏற்றியது இலங்கை வணிக வரலாற்றில் நினைக்கத்தக்க நிகழ்ச்சி. தொகையைச் சிலரோடு பகிர்ந்துகொண்டது அவருடைய முன்யோசனை. நட்டம் வந்தால் அது முழுவதும் ஒரே தலையில் விழாது.

அதே ஆண்டுகளில் அரிப்புக் கரையில் இன்னொரு முதலீடும் எழுந்தது. முதல் பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த், சலாபக் காலத்தில் தான் தங்குவதற்கென்று கடலோரச் செம்மண் மேட்டில் ஒரு மாளிகையைக் கட்டினார். கிரேக்கரின் டோரிக் பாணித் தூண்கள், செங்கல் சுவர், பூச்சுக்குச் சிப்பி ஓட்டைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. தீவிலேயே அழகான கட்டடம் என்று கோர்டினர் அதைப் புகழ்ந்தார். சுற்றிலும் பற்றைக் காடும் வெறும் மணலுமாக இருந்த இடத்தில், ஆண்டுக்குச் சில வாரம் தங்குவதற்காக எழுந்த மாளிகை அது. மேட்டின் விளிம்பைக் கடல் ஒவ்வொரு ஆண்டும் கரைத்துக்கொண்டிருந்தது. நோர்த் 1805இல் இலங்கையை விட்டுப் போனார். சலாபம் இல்லாத ஆண்டுகளில் அங்கே தங்கவும் திருத்தவும் யாருக்கும் காரணமில்லை. இன்று அல்லிராணி கோட்டை என்று ஊர்மக்கள் அழைக்கும் அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதி கடலுக்குள் சரிந்துவிட்டது. எஞ்சிய சுவர்கள் விளிம்பில் நிற்கின்றன.

வெற்று ஆண்டுகளின் பக்கம்

சலாபத்தின் வருமானப் பட்டியலைப் படிப்பவர் கண்ணில் முதலில் படுவது பெரிய எண்கள். அவற்றுக்கிடையே இருக்கும் இடைவெளிகள்தான் பெரிய செய்தி. 1837க்குப் பிறகு 1855 வரை சலாபமே இல்லை. பதினேழு ஆண்டு வெறுமை. 1891இல் ஒரு நல்ல சலாபம் நடந்தது, அதற்கடுத்தது 1903இல்தான். நடுவில் பதினொரு ஆண்டு அரசாங்கத்துக்கு ஒரு சல்லிகூட வரவில்லை. ஆனால் பரிசோதகரின் சம்பளம், படகு, காவல், பரிசோதனைச் செலவு எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

யாழ்ப்பாணத்தில் 1869 முதல் 1896 வரை அரசாங்க அதிபராக இருந்த சேர் வில்லியம் துவைனம் இந்தக் கடலை நன்கு அறிந்தவர். பல சலாபங்களை நேரில் நின்று நடத்தியவர். அவர் காலத்து அனுபவம் ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டியது: ஒரு பார் இளஞ்சிப்பியால் நிரம்பிக் கிடக்கும், அடுத்த பரிசோதனையில் அங்கே மணல் மட்டும் இருக்கும். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை.

காரணம் தேடி, 1902 தொடக்கத்தில் லிவர்பூலைச் சேர்ந்த பேராசிரியர் டபிள்யு. ஏ. ஹேர்ட்மன் அழைத்துவரப்பட்டார். அவரோடு வந்த ஜேம்ஸ் ஹோர்ணல் இங்கேயே தங்கி வேலையைத் தொடர்ந்தார். ஐந்து பாகங்களாக வெளிவந்த அவர்களுடைய அறிக்கை, மன்னார் வளைகுடாவின் கடலுயிர்களைப் பற்றி இன்றும் பெறுமதி குறையாத ஆவணம். அவர்கள் கண்டது இது. ஆழ்கடலின் விளிம்பில் கிடக்கும் பெரிய பாரில் கோடிக்கணக்கான இளஞ்சிப்பிகள் வந்து படிகின்றன. ஆனால் நீரோட்டமும் புயலும் அவற்றைப் பெயர்த்தெடுத்துவிடுகின்றன. மிஞ்சியதைத் திருக்கையும் கிளாத்தி மீனும் தின்றுவிடுகின்றன. பற்றிப் பிடிக்கக் கல்லில்லாத இடத்தில் சிப்பி மணலில் மூடுண்டு மடிகிறது. நெருக்கமாக விழுந்த இடத்தில் ஒன்றையொன்று நெரித்து வளராமல் போகிறது.

அவர்கள் சொன்ன மருந்து ஒரு திருத்த வேலைத் திட்டம். அழியப்போகும் பெரிய பாரின் இளஞ்சிப்பிகளை அள்ளி, பாதுகாப்பான உட்புறப் பார்களில் கொண்டுபோய்ப் போட வேண்டும். வெறும் மணலில் கல்லையும் உடைந்த ஓட்டையும் பரப்பிச் சிப்பிக்குப் பிடிமானம் கொடுக்க வேண்டும். நெருக்கத்தைக் குறைக்க வேண்டும். பகை மீன்களைப் பிடித்து அகற்ற வேண்டும். ஆண்டு முழுவதும் ஓர் உயிரியலாளர் பார்களைக் கண்காணிக்க வேண்டும். முத்துப் பார் திருத்தமும் பராமரிப்பும் கேட்கும் ஒரு சொத்து என்று எழுத்தில் தெளிவாகச் சொன்னது அந்த அறிக்கை.

மறிச்சுக்கட்டி நாள்கள்

அறிக்கை வெளிவந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் பார்கள் தாமாகவே நிரம்பின. 1903இல் ஏறக்குறைய 4 கோடியே 11 இலட்சம் சிப்பிகள், அரசாங்கத்துக்கு ரூ. 8,29,000க்கு மேல். 1904இல் அதே அளவு சிப்பிக்கு ரூ. 10,65,000க்கு மேல். 1905இல் 8 கோடியே 15 இலட்சம் சிப்பிகள், வருமானம் ரூ. 25,10,000க்கு மேல். சலாபத்தின் வரலாற்றில் அப்படி ஒரு தொகை அதற்கு முன் எழுதப்பட்டதில்லை.

சலாப முகாம் அமைந்த மறிச்சுக்கட்டியில் கிடுகும் தடியும் கொண்டு சில வாரங்களில் ஒரு பட்டினம் எழுந்தது. கச்சேரி, நீதிமன்றம், மருத்துவமனை, தபால் கந்தோர், கடைத்தெரு, தொழுகைக்கும் பூசைக்கும் இடங்கள் எல்லாம் இருந்தன. கீழக்கரை, தூத்துக்குடி, இராமேசுவரம், யாழ்ப்பாணம், மன்னார் ஆகிய இடங்களின் சுழியோடிகளோடு பாரசீகக் குடாவின் அராபியரும் வந்தார்கள். விடியுமுன் படகுகள் புறப்படும். மாலையில் பாயை விரித்துக் கரை சேரும். கொண்டுவந்த சிப்பி அனைத்தும் கொட்டு என்ற வேலியடைத்த கொட்டகைக்குள் போகும். அங்கே மூன்று பங்காகப் பிரிப்பார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று சுழியோடிக்கு. அரசாங்கப் பங்கு அன்று மாலையே ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். சுழியோடி தன் பங்கில் சிலவற்றை வாசலிலேயே சில்லறைக்கு விற்றுவிடுவான். 1906 சலாபத்தில் இந்தக் கொட்டில் கடமை பார்த்த இளம் அதிகாரி ஒருவர் பிற்காலத்தில் உலகறிந்த எழுத்தாளரானார். அவர் லெனாட் வுல்ஃப். முத்துச் சலாபத்தைக் களமாகக் கொண்ட ஒரு சிறுகதையும் அவர் எழுதினார்.

ஏலத்தில் கைதூக்கியவர் எவரும் சிப்பியைப் பிளந்து பார்த்ததில்லை. கையில் இருந்த ஒரே ஆதாரம் பரிசோதனை மாதிரியின் மதிப்பு. அரசாங்கத்தின் மூன்றில் இரண்டு பங்கை வைத்துக் கணக்கிட்டால், 1903இல் ஆயிரம் சிப்பி சராசரியாக ரூ. 30க்கும், 1905இல் ரூ. 46க்கும் போயிருக்கிறது. சிப்பி இரட்டிப்பான ஆண்டில் விலையும் ஒன்றரை மடங்கு ஏறியது. பொருள் பெருகும்போது விலை இறங்குவதுதான் சந்தையின் வழக்கம். அந்த ஆண்டு ஆசை அதை மாற்றிவிட்டது.

இருபது ஆண்டுக் குத்தகை

அந்த ஆசையின் நடுவில்தான் இலண்டனில் ஒரு கம்பனி பிறந்தது. ஆளுநர் சேர் ஹென்றி பிளேக்கின் காலத்தில், இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி என்ற நிறுவனத்துக்கு மன்னார் வளைகுடாவின் பார்கள் 1906 முதல் 20 ஆண்டுக்குக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டன. ஆண்டுக் குத்தகை ரூ. 3,10,000. அதற்கு மேல், ஹேர்ட்மன் சொன்ன வழியில் பார்களைத் திருத்திச் சிப்பி வளர்ப்பதற்கு ஆண்டுதோறும் ரூ. 50,000 முதல் ரூ. 1,50,000 வரை கம்பனி செலவிட வேண்டும். சலாபத்தின் வரலாற்றில் பராமரிப்புக்கென்று ஒரு தொகை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது அப்போதுதான்.

இலங்கையில் எதிர்ப்பு பலமாக எழுந்தது. ஒரே ஆண்டில் 25 இலட்சம் தந்த கடலை 3 இலட்சத்துக்குத் தாரைவார்ப்பதா என்று கேட்டார்கள். 1905ஐ மட்டும் பார்த்தால் அந்தக் கேள்வி நியாயமானது. அந்த ஓராண்டு வருமானம் எட்டு ஆண்டுக் குத்தகைக்குப் போதும். கம்பனியின் பங்குதாரர்களும் அதே ஆண்டைப் பார்த்துத்தான் பணம் போட்டார்கள். எதிர்த்தவர்களும் வாங்கியவர்களும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு இரு பக்கம் இழுத்தார்கள்.

பட்டியலின் வெற்று ஆண்டுகளை வைத்து யாராவது கணக்குப் போட்டிருந்தால் வேறு விடை வந்திருக்கும். குத்தகையும் மிகக் குறைந்த திருத்தச் செலவும் சேர்ந்து ஆண்டுக்கு ரூ. 3,60,000. 1892 முதல் 1902 வரை நிகழ்ந்தது போல் பதினொரு வெற்று ஆண்டு வந்தால், ஒரு சிப்பிகூட எடுக்காமல் ரூ. 39,60,000 கட்ட வேண்டும். 1838 முதல் 1854 வரையிலான பதினேழு ஆண்டு திரும்பினால் அது ரூ. 61,20,000. நீராவிப் படகு, ஊழியர், கடன் வட்டி எல்லாம் இதற்கு மேல். இவ்வளவையும் தாங்கும் கையிருப்பு இருந்தால்தான் அந்தக் குத்தகையில் கையொப்பம் வைத்திருக்க வேண்டும்.

1906இலும் 1907இலும் சிப்பி கிடைத்தது. அதன்பின் பார்கள் வெறுமையாயின. கல் பரப்பினார்கள், இளஞ்சிப்பியைப் பெயர்த்து வேறிடத்தில் போட்டார்கள், உயிரியலாளர்கள் அறிக்கை மேல் அறிக்கை எழுதினார்கள். கடல் அசையவில்லை. நூற்றுக்கணக்கான சதுர மைல் கடலடியைத் திருத்துவதற்கு ஒப்பந்தத்தில் எழுதிய தொகை எந்த மூலைக்கும் காணாது. குத்தகைக் காலத்தில் பாதிகூட முடியுமுன் கம்பனி கலைந்தது. பார்கள் அரசாங்கத்திடமே திரும்பின.

கம்பனியின் தோல்விக்கு ஹேர்ட்மனைக் குறைசொல்வது பொருந்தாது. பார்களுக்குப் பராமரிப்பு வேண்டும் என்ற அவருடைய அடிப்படைக் கருத்து சரி. அதற்கு என்ன செலவாகும், எத்தனை ஆண்டில் பலன் வரும் என்பதை ஒரு சிறிய பாரில் செய்து பார்த்து அளந்திருக்க வேண்டும். அந்தச் சோதனைக்குப் பொறுமையில்லாமல் முழுக் கடலையும் குத்தகைக்கு எடுத்ததுதான் பிழை. 1925இல் அரசாங்கம் மீண்டும் ஒரு சலாபம் நடத்தியது. அதற்குள் யப்பானில் மிக்கிமோட்டோவின் வளர்ப்பு முத்து உலகச் சந்தைக்கு வந்துவிட்டது. இயற்கை முத்தின் விலை சரிந்தது. 1958இல் இயந்திரத்தால் சிப்பியை வாரியெடுத்துப் பார்த்தார்கள். செலவுக்கேற்ற வரவு இல்லை. சலாபம் அத்துடன் ஓய்ந்தது.

செங்கல்லும் உப்பும்

முத்துக் கணக்கு முடிந்த கரையில் அடுத்த பெரிய மதிப்பீடு வீடுகளைப் பற்றியது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டி, தாராபுரம் போன்ற ஊர்களும் முசலிப் பகுதிக் கிராமங்களும் வெறுமையாயின. தமிழ் மக்களும் போரால் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்தார்கள். 2009க்குப் பிறகு திரும்பிவந்தவர்களை வரவேற்றவை காடு மூடிய வளவுகளும் கூரையில்லாத சுவர்களும். சலாப முகாம்கள் நடந்த சிலாவத்துறையும் மறிச்சுக்கட்டியும் அந்தப் பட்டியலில் இருந்தன.

இந்திய வீடமைப்புத் திட்டம் மன்னார் மாவட்டத்துக்கும் வந்தது. முற்றாக அழிந்த வீட்டை மீளக் கட்ட ரூ. 5,50,000, சேதமடைந்த வீட்டைத் திருத்த ரூ. 2,50,000 என்று தொகை வகுத்தார்கள். வீட்டுக்காரரே முன்னின்று கட்ட வேண்டும். வேலை படிப்படியாக முடிய, பணம் தவணையாக வங்கிக்கு வரும். பல்லாயிரம் குடும்பங்கள் சொந்தக் கூரைக்குக் கீழ் வந்தது இந்தத் திட்டத்தின் பெரும் பயன். ஆனால் தொகை எல்லா ஊருக்கும் ஒன்று. செலவு ஊருக்கு ஊர் வேறு. எல்லாரும் ஒரே நேரத்தில் கட்டத் தொடங்கியதும் மணலும் கல்லும் மேசன் கூலியும் ஏறின. வடக்கில் பல குடும்பங்கள் நகையை அடகுவைத்தும் கடன்பட்டும்தான் வீட்டை முடித்தன.

மன்னார்த் தீவில் வேலைசெய்யும் மேசன்மாரிடம் கேட்டால் விடுபட்ட செலவுகளை வரிசையாகச் சொல்வார்கள். உப்புக்காற்று கம்பியைத் தின்னும். ஆகவே கொங்கிறீற்றுக்கு மூடுகனம் கூட்டி வைக்க வேண்டும். உவர்க் கிணற்று நீரில் சீமெந்து குழைக்கக் கூடாது. நல்ல தண்ணீர் பவுசரில் வர வேண்டும். கடல் மணல் ஆகாது. ஆற்றுமணல் தீவுக்கு வெளியிலிருந்து வர வேண்டும். உப்பு ஊறிய பழைய சுவரில் புதுப்பூச்சு நிற்காது. பழையதை முழுக்கச் செதுக்கியெடுத்த பிறகே பூச வேண்டும். பல ஆண்டு மழை நனைந்த பனஞ்சலாகையில் எது தாங்கும், எது தாங்காது என்பது தட்டிப் பார்த்தால்தான் தெரியும். தலைமன்னார் ரயில் 2015இல் மீண்டும் ஓடத் தொடங்கியபின், வெளியூரிலிருந்து இங்கே காணியும் பழைய வீடும் தேடி வருகிறவர்கள் உறுதியைப் படிப்பதற்கு முன் கேட்க வேண்டியது இந்த மனிதர்களை. வாடகை வராத மாதங்களுக்கும் ஒரு தொகை ஒதுக்கிய பிறகே விலை பேச வேண்டும்.

அரிப்பு மேட்டிலும் ஒரு மதிப்பீடு காத்துக்கிடக்கிறது. நோர்த்தின் மாளிகையில் எஞ்சியிருப்பதை அளந்து வரைபடமாக்க எவ்வளவு, மேட்டின் அடியில் அலையைத் தடுக்க எவ்வளவு, சுண்ணாம்புச் சாந்தால் சுவரை வலுப்படுத்த எவ்வளவு, அதன்பின் ஆண்டுதோறும் பராமரிக்க எவ்வளவு என்ற நான்கு தொகைகளும் அதில் இருக்க வேண்டும். கடைசித் தொகையை விட்டுவிட்டு முதல் மூன்றையும் செலவிட்டால் பணம் கடலோடு போகும். தொல்லியல் அதிகாரிகளும் கரையோரப் பாதுகாப்புப் பொறியியலாளர்களும் முசலிப் பிரதேச மக்களும் ஒன்றாக உட்கார்ந்து அந்த மதிப்பீட்டை அடுத்த மாரிக்கு முன் தயாரித்துப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். அரிப்புக்குப் போகும் ஒவ்வொருவரும் அதைக் கேட்க வேண்டும்.